மழை மாசத்துக்கு வாடகை இல்லை

மரக்காணம்,
ஆகஸ்ட் 2005

அன்பு மச்சான் உமைருக்கு, பஷீர் அஹமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜா வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே உன் அக்கா சுரையாவும் நானும் சுகம். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று கேட்பாய். மெயில் போட்டால் நீ "ஓகே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், எனக்கு அது பத்தவில்லை.

போன மாதம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மச்சான், வெப் ஹோஸ்டிங்ல இன்னொரு தடவை யாருக்காவது ரேட்டைக் குறைச்சீங்கன்னா கடையை மூடிட்டு ஃபிளைட் ஏறுங்க, எங்க அரபி முதலாளி குடோன்ல ஸ்டோர்கீப்பர் விசா ரெடியா இருக்குது" என்றாய். கடைக்கு முதல் போட்டவன் நீ, சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் எனக்கு குடோன் வேண்டாம் மச்சான். உன் அக்கா அதற்குள் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டாள். அதனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து ஒரு பைசா குறைக்கவில்லை.

குறைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாது. இந்த ஊரில் உப்பு வாங்கினால்கூட அளந்த பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடணும், போடாதவன் மனுஷனே இல்லை. அதே ஆட்கள்தான் இங்கேயும் வருகிறார்கள், வெப்சைட் வைக்க பத்து எம்.பி. இடம் கேட்டால் பத்தோடயா நிறுத்துவே, கொசுறு எங்கே என்கிறார்கள், ஒருத்தர் வாடகைக்கு எடுத்த இடத்தில் பாதி சும்மா கிடக்கிறது என்று தன் சகலைக்கு உள்வாடகை விட்டுவிட்டு அவருடைய போட்டோவையும் ஏற்றச் சொல்கிறார், சரி, இவர்களிடம் தப்பிக்க ஒரே வழி என்று போர்டில் ரேட்டைக் கூட்டி எழுதிப் போட்டேன். அவர்கள் கேட்பார்கள், நான் முனகிக்கொண்டே குறைப்பேன், கடைசியில் நம் பழைய ரேட்டுக்கே வந்து நிற்கும், ரெண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது.

அப்போதுதான் கிளியனூரில் நர்சரி ஸ்கூல் நடத்துகிற சுலோசனா டீச்சர் வந்தார்கள். போர்டைப் படித்தார்கள், பர்ஸைத் திறந்தார்கள், எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "டீச்சர், கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க" என்றேன். "எதுக்குங்க பாய்? போர்டுல போட்டிருக்குது இல்ல?" என்றார்கள். "போர்டு அப்படித்தான் இருக்கும், நீங்க கேளுங்க, நான் குறைக்கிறேன்" என்றேன். அவர்கள் பர்ஸை மூடிவிட்டார்கள். "கேக்காமலே குறைக்கிறீங்கன்னா சாமான்ல ஏதோ கோளாறு இருக்குது" என்று எழுந்தேவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்து, போர்டு ரேட்டையே வாங்கிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை, அதிகப்படியாக வாங்கியதற்கு அவர்களுக்குத் தெரியாமல் இடத்தைக் கூட்டி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும், உப்பளம் வைத்திருக்கிற சேட்டு அண்ணன் கதையைக் கேள். அவருக்கு உப்பு வியாபாரத்துக்கு வெப்சைட் வேண்டுமாம். அவர் பின்னாலேயே இன்னும் ஏழெட்டு உப்பளக்காரர்கள், சேட்டுக்கு என்ன ரேட்டோ அதேதான் எங்களுக்கும் என்று வாசலில் நிற்கிறார்கள். இவர்களை விட்டால் கடை நிற்காது, குறைத்தால் உன் விசா.

"இடம் எங்க இருக்குது?" என்றார். அமெரிக்காவில், நாம் மொத்தமாக வாடகைக்கு இடம் எடுத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் என்றேன். "சரி. மழை ஆரம்பிச்சா எனக்கு உப்பு கெடையாது, அளத்துக்கே அந்த மூணு மாசம் குத்தகை குடுக்கிறதில்லை. உப்பே இல்லாதப்ப வெப்சைட்டுக்கு மட்டும் எதுக்கு வாடகை?" என்றார். "அண்ணே, நடுவுல மூட முடியாதுங்க" என்றேன். "உப்பை அம்பாரம் குவிச்சு ஓலை போட்டு மூடறோமே, அது கெட்டாபோச்சு? அது மாதிரி இதையும் மூடி வைப்பா" என்றார். பேசிப் பேசிப் பார்த்து, கடைசியில் ஒரு போடு போட்டேன். "முதலாளி அமெரிக்காவுல இருக்கான் அண்ணே, அவன் குறைச்சா நானும் குறைக்கிறேன்" என்றேன். மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து "அப்ப எழுது" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். நாங்கள் உப்புக்காரர்கள், ஐப்பசி பிறந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர், குடும்பம் பெரிது, பார்த்துச் செய்யுங்கள். "பார்த்துச் செய்யுங்கள்" என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாமல், முதலில் பார்க்கவும், பிறகு செய்யவும் என்று போட்டேன். இதற்கெல்லாம் அமெரிக்காக்காரன் பதில் எழுத மாட்டான். சேட்டு அண்ணன் ஒரு வாரம் பார்த்துவிட்டு முழு வருஷத்துக்கும் கட்டிவிடுவார், மற்றவர்களும் கட்டுவார்கள்.

ஆகவே மச்சான், உன் சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன். விசாவை கேன்சல் செய்துவிடு, அரபிக்கு என் சலாம் சொல். உன் அக்கா துஆ சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்,
பஷீர் அஹமது

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது மெயில் பார்த்தேன், பதில் வந்திருக்கிறது. யாரோ ஒரு அம்மா எழுதியிருக்கிறாள். வெயிலில் உப்பு விளைவது அவளுக்குத் தெரியவே தெரியாதாம், போட்டோ அனுப்பச் சொல்லி, நம் மொத்தக் கணக்குக்கும் மூன்று மாத வாடகையைத் தள்ளிவிட்டாள். சொன்ன சொல்லுக்கு சேட்டு அண்ணனுக்குக் குறைத்துவிட்டேன், பின்னால் நின்றவர்களுக்கும் குறைத்துவிட்டேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நமக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் விசாவை மட்டும் கேன்சல் செய்துவிடாதே. நீ நாலு வருஷமாக அரபியிடம் சம்பள உயர்வு கேட்கப் பயந்துகொண்டிருக்கிற கதையை சேட்டு அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பாய், அந்த விசாவை என் பேருக்கு மாத்தச் சொல்லு, நான் போய் அரபிகிட்ட பேசிக்கிறேன்" என்று சேட்டு அண்ணன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போயிருக்கிறார்.