அரை கிலோ பயம்

பயத்துக்கு எடை உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஊருக்குத் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த டயர் கிடங்கில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாசலில் பலகை மாட்டினார். "குழந்தைகளின் இரவுப் பயம் எடை போட்டு இறக்கப்படும். கண்ணெதிரே காணலாம்." கண்ணெதிரே காணலாம் என்று எழுதிவிட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? இரண்டே மாதத்தில் கிடங்கு வாசலில் நிற்க இடமில்லை.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. 'எடை ஐயா' என்றார்கள். டாக்டர் போடுகிற வெள்ளைக் கோட்டு, அதற்கு மேல் ஏதோ ஒரு ஞானியின் தாடி. எந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் ஏமாறட்டும் என்ற நல்லெண்ணம்.

நான் வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்கு ஆட்களை ஏற்றி இறக்கியே என் வண்டிக்கு மூச்சு வாங்கியது. நல்ல வரும்படி, அதனால் வாயைத் திறக்கவில்லை. திறக்காதது மட்டுமா, ஒரு நாள் கெஞ்சிக் கேட்டு நானே மேடையில் ஏறி நின்றேன். எழுநூறு கிராம் இறங்கியது. அன்று ராத்திரி ஒரு கரப்பான் பூச்சியைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறி நின்றேன். அது மீதிப் பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வைத்தியம் இதுதான். மூட்டை நிறுக்கும் பெரிய எலெக்ட்ரானிக் தராசு. சுவரில் சிவப்பு எழுத்தில் எண் ஓடும். பிள்ளையை ஏற்றி நிறுத்துவார்கள். எடை ஐயா வலது கையைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்துக் கண்ணை மூடுவார். உதவிக்கு நிற்கும் அம்மாள் எண்ணை உரக்கப் படிப்பாள். "பதினெட்டு கிலோ நானூறு!" ஐயா ஏதோ முணுமுணுப்பார். பிறகு தலையிலிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி கையை வெடுக்கென்று எடுத்து, பக்கத்திலிருக்கும் பெயின்ட் டப்பாவுக்குள் உதறி மூடியைப் போடுவார். "பதினேழு கிலோ தொள்ளாயிரம்!" அரை கிலோ பயம் காலி! கூட்டம் வாயைப் பிளக்கும். கட்டணமும் இறங்கிய எடைக்கு ஏற்றபடிதான். காரில் வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பயம் கொஞ்சம் கூடுதல் எடை. வசதிக்கேற்ற பயம்.

வந்த பிள்ளைகள் எல்லாம் ராத்திரியில் அலறுகிற பிள்ளைகள். தூங்கிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், ஆனால் பெற்றவளைத் தெரியாது. கத்தும், உதைக்கும், வியர்த்துக் கொட்டும். கால் மணி நேரத்தில் அதுவாகவே படுத்துத் தூங்கிவிடும். காலையில் பிள்ளை சிரித்துக்கொண்டு எழும். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பது பெரியவர்கள்தான். எடை போட வேண்டியது அவர்களைத்தான், ஆனால் அவர்கள் ஏறினால் தராசு தாங்காது.

எடை போட்ட பிறகு அலறல் நின்றால் ஐயாவின் சக்தி. நிற்காவிட்டால்? வீட்டில் யாரோ பயத்தைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். அந்த யாரோ எப்போதும் பிள்ளையின் அம்மாதான். எந்த அப்பாவும் இதுவரை ஒரு கிராம்கூட ஏற்றியதாக வரலாறு இல்லை.

என் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம். கணவன் தச்சன். மனைவி பார்சல் ஆபீஸில் கவுன்டரில் உட்கார்ந்து பார்சல் நிறுத்துப் போடுகிறவள். ஒரே மகள், ஐந்து வயது, ஆட்டிசம் உள்ள குழந்தை. பேச்சு நாலைந்து வார்த்தை. எண்கள் என்றால் உயிர். யாராவது தலையைத் தொட்டால் மட்டும் ஆகாது. தலை வாருவதே அந்த வீட்டில் தினமும் ஒரு யுத்தம். அந்தப் பிள்ளையும் நாலு மாதமாக ராத்திரியில் அலறிக்கொண்டிருந்தது. அலறும்போது அப்பா தோளைப் பிடித்து உலுக்குவான். கூடவே இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, முகத்தில் தண்ணீர் அடிப்பாள். அலறல் இரண்டு மடங்காகும்.

பிள்ளையின் பள்ளிக்கூட டீச்சர் அம்மாவிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். அலறுகிற நேரத்தை தினமும் குறித்து வை, டாக்டரிடமும் காட்டு, அதுவரை எழுப்பாதே, அடிபடாமல் பார்த்துக்கொள் என்று. அவளும் பார்சல் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்துக் குறித்து ஒரு கட்டே சேர்த்துவிட்டாள். வீட்டில் யாரும் அதை மதிக்கவில்லை. அதில் தாடி இல்லையே!

"நேரம் குறிச்சா பயம் ஓடிருமா? இவ என்ன ரயில் ஆபீஸா நடத்துறா?" என்று அத்தை தம்பியிடம் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எடை ஐயாகிட்ட போறோம். அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை என் வேனில்தான் ஏற்றிப் போனேன். அம்மா அரை நாள் வேலை முடித்து, ஆபீஸ் சட்டையோடு நேராக வந்து ஏறினாள்.

கிடங்கில் எங்கள் முறை வந்தது. குழந்தை தராசில் ஏறி நின்றதும் சுவரில் சிவப்பாக எண் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. "ஒண்ணு, ஆறு, ரெண்டு" என்றாள். பதினாறு கிலோ இருநூறு. எடை ஐயா கையை நீட்டினார். குழந்தை குனிந்துகொண்டாள். மறுபடி நீட்டினார். தராசிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் முறை குனிந்து போனார். அவள் பக்கவாட்டில் நழுவினாள். எண் பதினாறு இருநூறிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்போதே 'உங்கள் பிள்ளைக்குப் பயமே இல்லை, கூட்டிப் போங்கள்' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் அத்தை முன்னால் வந்து, தினமும் அலறுகிறாள் என்று அழுதுவிட்டாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா தாடியைத் தடவினார். "இது சாதாரணப் பயம் இல்லம்மா. எடையே காட்டாம ஒளிஞ்சிருக்கு. பிள்ளைக்குப் பேச்சு வராததுக்கும் இதான் காரணம். மூணு ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. உள் ரூம்ல படுக்க வச்சு, கையைக் காலைக் கட்டித்தான் எடுக்கணும். பெத்தவ கூட இருக்கக் கூடாது."

"கட்டியா?" என்றாள் அம்மா.

"பயத்தைத்தாம்மா கட்டுறோம்."

"கட்டப்போறது என் பொண்ணோட கையை."

"நீ சும்மா இரு" என்றாள் அத்தை. "ஐயாவுக்குத் தெரியாததா?"

அம்மா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். டயர் கிடங்கின் தரையில் அப்படி என்ன எழுதியிருந்ததோ! அம்மாவின் கண் அடுத்து என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா நின்றேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நானும் இன்னொரு எடை ஐயா.

சந்தேகம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்று ஐயா அவசரப்பட்டார். பாய்ந்து, இரண்டு கையாலும் குழந்தையின் தலையை மேலிருந்து அழுத்திப் பிடித்தார். குழந்தை வீறிட்டது. சுவரில் எண் எகிறியது. "பத்தொன்பது கிலோ நூறு! ஐயோ, மூணு கிலோ பயம்!" என்று உதவி அம்மாள் கூவினாள். கூட்டம் ஓலமிட்டது.

அம்மா ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டாள். அப்போது அவள் வாயில் வந்தது திட்டு இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கவுன்டரில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை.

"கையை எடுங்க சார். தராசுல இருக்கிற பொருள் மேல கை வைக்காதீங்க."

எண் சடாரென்று பதினாறு இருநூறுக்கு இறங்கியது. சொன்ன வார்த்தை அவள் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலும். எண்ணைப் பார்த்தாள். ஐயாவின் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற செங்கல்லை எடுத்து இதுல வைங்க."

வைத்தேன். இரண்டு கிலோ எழுநூறு.

"ஐயா, இதுக்குப் பயம் இறக்குங்க."

"செங்கல்லுக்கு எங்கம்மா பயம்?" என்று ஐயா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"சரி, நீங்க வேண்டாம். அண்ணே, நீங்க அது மேல கையை வைங்க. சும்மா, ஆசீர்வாதம் பண்ற மாதிரி."

வைத்தேன். மூன்று கிலோ இருநூறு. எடுத்தேன். இரண்டு கிலோ எழுநூறு. பெயின்ட் டப்பாவுக்குள் உதறவும் மறக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "செங்கல்லுக்கு அரை கிலோ பயம் இறங்கிருச்சுடோய்!" முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து, அப்புறம் கிடங்கே சிரித்தது. டப்பாவை ஒருவன் திறந்து கவிழ்த்தான். இரண்டு மாதமாக ஊரெல்லாம் சேர்த்த பயம் எங்கே? காய்ந்துபோன பச்சை பெயின்ட்தான் இருந்தது.

ஐயா விடவில்லை. "நம்பிக்கை இல்லாத இடத்துல சக்தி வேலை செய்யாது!"

"தராசுக்கு நம்பிக்கை எதுக்கு சார்? தரை சமமா இருந்தாப் போதும்" என்றாள் அம்மா. "கடைசியா ஒரு வாய்ப்பு தர்றேன். என் பொண்ணை மறுபடி நிறுத்துறேன். தொடாம, தள்ளி நின்னு, நூறே நூறு கிராம் இறக்கிக் காட்டுங்க. காட்டிட்டா மூணு ராத்திரி இல்ல, முப்பது ராத்திரி விட்டுட்டுப் போறேன்."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தராசை நம்புகிறவளுக்கு என்ன பயம்?

குழந்தை ஏறி நின்று, "ஒண்ணு, ஆறு, ரெண்டு" என்றது. ஐயா முணுமுணுத்தார், கையை ஆட்டினார், வியர்த்தார். கூட்டம் முதல் தடவையாக எண்ணை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்தது. "ஒண்ணு, ஆறு, ரெண்டு" என்று குழந்தை திரும்பத் திரும்பப் படித்தது. ஐந்து நிமிடம் கழித்து ஐயா தண்ணீர் குடிக்க உள் அறைக்குப் போனார். அந்த அறைக்குப் பின்வாசல் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அதே அறைக் கட்டிலில் நாலு துணிப்பட்டைகள் முடிச்சுப் போட்டபடி கிடந்தன. அதைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. தச்சன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

திரும்பும்போது வேனில் அவன்தான் கேட்டான்: "அப்போ ராத்திரி அலறுறதுக்கு என்ன பண்றது?"

அம்மா சீட்டுக் கட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். "படிங்க. பத்துல எட்டு நாள், தூங்கி ஒண்ணரை மணி நேரத்துல அலறுறா. பகல்ல தூங்காம, களைச்சுப்போய் லேட்டாப் படுத்த அன்னைக்கு மோசம். டாக்டர்கிட்ட காட்டினேன். பாதித் தூக்கத்துல மூளை மாட்டிக்கிறதாம், வளர வளரப் போயிருமாம். தினம் ஒரே நேரத்துக்குப் படுக்க வைக்கணும். வழக்கமா அலறுற நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடி லேசா எழுப்பித் திரும்பத் தூங்க வைக்கணும், கொஞ்ச வாரத்துக்கு. அலறினா உலுக்காதீங்க, தண்ணி அடிக்காதீங்க. பக்கத்துல இருங்க, போதும். இதை நாலு தடவை சொன்னேன், கேட்டீங்களா?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு வாரம் போனது. அலறல் அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் நானும் பலகை மாட்ட வேண்டியதுதான். வாரத்துக்கு ஒன்று இன்னும் வருகிறது. அப்போது அப்பா ஓரமாக உட்கார்ந்து, கட்டிலில் இடித்துக்கொள்ளாமல் கையை அண்டக் கொடுக்கிறான். தலையை மட்டும் தொடுவதில்லை.

போன வாரம் என் வேனுக்கு ஒரு புதுச் சவாரி வந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் பிள்ளைகளின் நிழலை நாடாவால் அளந்து பயத்தை வெட்டுகிறாராம். பன்னிரண்டு பேர் போக வேண்டுமாம். அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேர் அன்றைக்குச் செங்கல்லைப் பார்த்துச் சிரித்தவர்கள். வண்டி வராது என்றேன். ஏன் என்று கேட்டார்கள்.

"முதல்ல உங்க தலையைத் தடவிப் பாருங்க" என்றேன். "யாரோட கையாவது மேல இருந்தா எடுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் உள்ள ஏதாவது இருக்கான்னு எடை போட்டுப் பார்த்துக்கலாம்."