மூன்று வருஷத்தில் மூழ்கும் ஊர்

"கோட்டைக்குப்பம் மூன்றே வருஷத்தில் கடலுக்குள் போய்விடும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் எச்சரிக்கை. பத்து பேருக்கு அனுப்பவும்."

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் இருக்கும் தாமோதரன் இதை வாட்ஸ்அப்பில் படித்தபோது, ஒரே மகள் கோமளாவின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை வீடு கோட்டைக்குப்பத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வலிய வந்து பெண் கேட்டவர்கள். குண்டுமணித் தங்கம்கூடக் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தத்தை விடவும் மனசில்லை, மூழ்கப்போகிற வீட்டில் பெண்ணைத் தள்ளவும் மனசில்லை.

மச்சான் ரஞ்சித்திடம் காட்டினார்.

"நெசந்தான் மாமா. எனுக்கு ஆறு குரூப்புல வந்துச்சு. ஆறு பேரும் பொய் சொல்வானா இன்னா?"

ஆறிலும் இருப்பது அதே ஆட்கள்தான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

நாமே பார்த்துவிடுவோம் என்று காலையில், கடலோடு சேரும் அந்த ஏரியின் கரையில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். மதியம் போனால் போட்ட கோடு தெரியவில்லை, தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. அரை நாளுக்கு ஒரு சாண் என்றால் மூன்று வருஷத்துக்கு? உடனே மாப்பிள்ளையின் அப்பா பெருமாளுக்குப் போன் போட்டு, செய்தியைச் சொல்லி நிச்சயத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார். பெருமாள் போனை வைத்துவிட்டார்.

மனைவி கலைவாணி வந்து கம்பைப் பார்த்தாள்.

"மணல் மூடிக் கெடந்த முகத்துவாரத்த நேத்துதான் வெட்டி வுட்டாங்க. கடத்தண்ணி உள்ள வந்தா ஏரி ஏறாம இன்னா பண்ணும்? முப்பது வருஷமா இங்கதான வல போடுற?"

தாமோதரன் பொன்னேரிக்கு பஸ் ஏறினார். அங்கே கல்லூரியில் பாடம் நடத்தும் டேவிட் சார் செய்தியைப் படித்தார்.

"எந்த விஞ்ஞானி, எந்த வருஷம், எங்க அளந்தாரு? ஒண்ணுமே இல்லையே. கடல் மட்டம் உயர்றது உண்மை, வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். கரைய அரிக்கிறதும் உண்மை. மூணு வருஷத்துல ஊரே போயிடும்னு அளந்தவங்க யாரும் சொல்லல."

தாமோதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு நேரே கோட்டைக்குப்பம் போனார். டேவிட் சார் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி, வாட்ஸ்அப் செய்தி அத்தனையும் பொய் என்று நிரூபித்துவிட்டு, பழத்தட்டை நீட்டினார்.

பெருமாள் தட்டை வாங்காமல் மனைவி சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார்.

"பொய்யாண்ணே? போன மாசம் அந்தச் சேதி எங்களுக்கு வந்தப்புறந்தான, பையனுக்கு ஒரு வூடு மிஞ்சட்டும்னு, கடல வுட்டுத் தள்ளி வூடு இருக்குற ஒத்தப் பொண்ணா தேடி உங்ககிட்ட வந்தோம்" என்றாள் அவள்.