சம்பந்தி அனுப்பிய ஷெட்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு கொல்லைப்புறம் நீங்கலாக அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் புது ஃப்ளாட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் மகளுக்கு இருமல் நின்றுவிட்டது. என் பையன் வழக்கம்போல் இருக்கிறான்.

நிற்க. ஷெட்டும் நிற்கிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் இக்கடிதத்தின் விஷயம்.

தாங்கள் வீட்டைக் காலி செய்தபோது, தோட்டத்திலிருந்த தகர ஷெட்டை எடைக்குப் போட மனம் வராமல், மகள் வாழும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தது தங்கள் பெருந்தன்மை. “சின்ன ஷெட்தான் சம்பந்தி, ஏதாவது ஒரு மூலையில கிடக்கும்” என்று போனில் சொன்னீர்கள். சம்பந்தி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சரி என்றேன். லாரி எங்கள் தெருவில் திரும்பியபோது யாரோ வீட்டோடு குடி மாறி வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு இரண்டு ஜன்னல்கள் வேறு. என் மனைவி வாசலில் நின்றபடியே கண்ணால் அளந்து, “நம்ம ஹாலை விடப் பெரிசுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லாரிக்காரர் இறங்கி எங்கள் கேட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் குறுகிய இடைவெளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், இது எப்படி உள்ள போகும்னு நினைச்சீங்க?”

“நான் நினைக்கலீங்க. எங்க சம்பந்தி நினைச்சார்” என்றேன். தங்களைக் காட்டிக்கொடுத்ததற்கு மன்னிக்கவும். பிரித்து உள்ளே கொண்டுபோய்த் திரும்பச் சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, மூலைக்கு மூலை வெல்டிங் வைத்திருக்கிறது, பிரிக்க முடியாது என்றார். “யார் செஞ்சாங்களோ, கல்லு மாதிரி செஞ்சிருக்காங்க சார்” என்று தட்டிக்கொடுத்தார். அந்தப் பெருமை தங்களையே சேரும். கடைசியில் அவரே ஒரு கிரேனை வரவழைத்தார். ஷெட்டை எங்கள் வீட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் இறக்குவது என்று ஏற்பாடு. எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும் என்றார்கள். தங்கள் மகள் லேப்டாப்போடு தெருவுக்கு வந்து, எதிர்வீட்டு மதில்மேல் அதை வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கைத் தொடர்ந்தாள். பின்னால் என்ன சத்தம் என்று மேனேஜர் கேட்டாராம். “எங்கப்பா ஒரு சாமான் அனுப்பியிருக்கார்”னு சொல்லியிருக்கா. அவ்வளவு அடக்கமான பெண்.

என் மனைவி மட்டும் வெளியே வரவில்லை. “அடுப்புல பால் இருக்கு, பொங்கினதும் வர்றேன்” என்றாள். அதற்குள் கிரேன்காரர் தூக்கிவிட்டார். மேலே தங்கள் ஷெட், கீழே என் மனைவி, நடுவில் ஒரே ஒரு கூரை. சம்பந்தி, நாங்க இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினது மொத்தமும் என் கண் முன்னால வந்து போச்சு. பால் சீக்கிரம் பொங்கணும்னு அன்னிக்குத்தான் வேண்டிக்கிட்டேன்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுத் தொட்டி நிரம்பி எங்கள் பக்கம் வழிகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லப்போக, அவர் ரெண்டு வார்த்தை சொல்ல, வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சு இல்லை. எதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் என் செருப்பைப் பார்ப்பேன். இப்போ நான் கொல்லையில நின்னு கிரேன்காரருக்கு “இடது, இடது”ன்னு கத்தறேன். என் இடதா, அவர் இடதான்னு எங்களுக்குள்ள ஒத்துவரல. ஷெட் எலுமிச்சை மரத்துக்கு மேல ஊஞ்சல் ஆடுது. அப்போ பக்கத்து மொட்டை மாடியிலேருந்து ஒரு விசில். பார்த்தா கார்டு நிக்கிறார். கொடியில காய்ஞ்ச பச்சைத் துண்டு ஒரு கையில, அவங்க வீட்டம்மாவோட சிவப்பு ஜாக்கெட் இன்னொரு கையில. அதுக்கப்புறம் கிரேன்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பச்சைக்குப் போனார், சிவப்புக்கு நின்னார். மரத்துல ஒரு இலை உதிரல. ஆனா தங்கள் ஷெட் அந்தரத்துலேயே பாதி வட்டம் சுத்தி, முதுகை எங்களுக்குக் காட்டிட்டு, கதவை அவர் பக்கம் வெச்சு உட்கார்ந்துடுச்சு. உட்காரும்போது நடுவுல இருந்த மதிலையும், சரியா கதவுக்கு நேரா, ஒரு ஆள் நுழையற அளவுக்கு இடிச்சு, அந்த ஓட்டையை ஒட்டியே நின்னுடுச்சு. திருப்பி வைங்கன்னு கேட்கறதுக்குள்ள கிரேன்காரர் அடுத்த வேலைக்குக் கிளம்பிட்டார்.

ஆக, ஷெட் எங்களுடையது, வாசல் அவருடையது. எங்கள் பக்கம் ஜன்னல்தான். என் பையன் யோசிக்காமல் ஏணி, மண்வெட்டி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டான். மறுநாள் மண்வெட்டி வேண்டியிருந்தது. அவர் வீட்டு வழியாகப் போகத் தன்மானம் இடம் கொடுக்காததால் நானே ஜன்னலில் ஏறினேன். பாதி வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் உள்ளயும் போகல, வெளியயும் வரல. வெளிப்பக்கம் என் மனைவி காலைப் பிடிச்சு இழுக்கறா. உள்பக்கம் கதவு திறக்குது, கார்டு வர்றார். வானத்தைப் பார்க்க அங்கே வழியில்ல, கூரைதான் இருக்கு. அதனால என்னைப் பார்த்தார். “வயித்தை உள்ள இழுங்க” என்றார். அத்தனை வருஷத்துக்கப்புறம் அவர் என்னோட பேசின முதல் பேச்சு. இந்த அவமானம் எனக்குத் தேவையா?

ஆகவே, தங்கள் மேலுள்ள மரியாதை இம்மியும் குறையாமல் கேட்டுக்கொள்வது என்னவென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் லாரியும் கிரேனும் அனுப்பி, ஷெட்டைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளாட்டில் அதை எங்கே வைப்பது என்பதைத் தாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவை முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். எல்லா நலமும் தங்கள் இல்லத்தில் தங்கட்டும்.

இப்படிக்கு,
மதிப்பு மாறாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே இருக்கறது முழுக்க என் மனைவி பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி படிச்சுப் பார்த்து எழுத வெச்சது. இப்போ கவர் தேடி உள்ள போயிருக்கா. அதனால சுருக்கமாச் சொல்றேன். லாரி அனுப்பிடாதீங்க. ரிட்டயர் ஆனதுலேருந்து இந்த வீட்ல எனக்கு உட்கார இடமில்ல சம்பந்தி. ரூமுக்குப் போனா உங்க பொண்ணுக்கு மீட்டிங், ஹாலுக்கு வந்தா “காலைத் தூக்குங்க, பெருக்கணும்.” இப்போ தினமும் மத்தியானம் லைப்ரரிக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பி, தெருவைச் சுத்தி, கார்டு வீட்டு வழியா ஷெட்டுக்குள்ள போயிடறேன். அவர் வீட்லயும் இதே பாடுதானாம். ரெண்டு நாற்காலி போட்டு செஸ் ஆடறோம். கதவைத் தன் பக்கம் திருப்பினது தெரிஞ்சேதான்னு நேத்து அவரே சொன்னார். என்கிட்ட பேச வேற வழி தெரியலையாம். நான் குனிஞ்சு குதிரையை நகர்த்தினேன்.

அதனால உடனே பதில் போடுங்க. ஷெட்டைத் திரும்ப எடுக்க முடியாதுன்னு கண்டிப்பா எழுதுங்க. கூடவே என்னை நாலு வரி திட்டியும் எழுதிடுங்க. மரியாதையா எழுதினா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்.