உங்கள் நிலைமை புரிகிறது

மனிதனை மேலே கொண்டுபோக இந்த உலகத்தில் இரண்டே சாதனங்கள் உண்டு. ஒன்று லிஃப்ட், இன்னொன்று செல்வாக்கு. முன்னதைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்துகொண்டு, பின்னதை ஒரு மலை விடுதியில் நடந்த பயிற்சி முகாமில் கற்றுத் தேர்ந்தவர் என்ற பெருமை நம் மேலாளர் ஒருவருக்கே உரியது. அவருக்கு முன்னால் மனித இனம் படிக்கட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

முகாமில் கற்ற தத்துவம் எளிமையானது. அதட்டி வேலை வாங்குகிறவன் வெறும் அதிகாரி; மனத்தை வெல்கிறவனே "தலைவன்". மனத்தை வெல்லக் காது வேண்டும். ஊழியர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். தலையைச் சற்றே சாய்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில், "உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது" என்று குழைவாகச் சொல்ல வேண்டும். சாய்வு எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலாளர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று விடாமல் பழகினார். கழுத்து பிடித்துக்கொண்டது, மனைவிதான் தைலம் தேய்த்துவிட்டாள்.

கழுத்து சரியானதும் கிளையில் "புரிதல் புரட்சி" வெடித்தது. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், "எந்தக் கட்டடம், எந்த மாடி?" என்று முரட்டுத்தனமாகக் கேட்கும் பழைய வழக்கம் ஒழிந்தது. முதலில் அவருடைய மனக்குறை முழுவதையும் கேட்க வேண்டும். நிலைமை புரிகிறது என்று சொன்ன பிறகே விலாசம். மெக்கானிக்கை அனுப்புவதும் தனியொருவர் முடிவாக இருக்கக் கூடாது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தம் செல்வாக்கு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அதிலிருந்தே மேலாளர் கணித்துக்கொண்டார்.

செய்தி தலைமை அலுவலகம் வரை எட்டியது. முதலாளியே நேரில் வருகிறார் என்று தகவல். கிளைக் கட்டடத்தின் ஆறாவது மாடிக் கூடத்தில் ஊழியர்களை விசாரிப்பாராம். அவர்களுக்குத் திருப்தி என்றால் எல்லாக் கிளைகளுக்கும் நம் மேலாளரே தலைவர். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை இதே நாற்காலி, இதே ஆடுகிற கால். கூட்டத்துக்கு வரும்படி அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. "உங்கள் விருப்பம்" என்று பெருந்தன்மையோடு அறிவித்துவிட்டு, வராதவர்கள் மட்டும் காரணத்தை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்.

அன்று புதுச் சட்டையும் மனைவியுமாக அவர் லிஃப்டில் ஏறினார். போனைக் கவனிக்கும் ஆபரேட்டர் பெண் தவிர, முதலாளி உட்பட எல்லோரும் மேலே கூடிவிட்டார்கள். ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. கதவு விரல் அகலம் திறந்து, ஏதோ யோசித்து, அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"பயப்படாதே. நம்ம கம்பெனி லிஃப்ட், மேல இருக்கறதும் நம்ம ஆளுங்க. கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துருவாங்க." மேலாளர் அபாய மணியை அழுத்தினார்.

லிஃப்டின் ஒலிபெருக்கியில் ஆபரேட்டர் பெண்ணின் குரல் தேனாக வந்தது. "வணக்கம். பதற்றப்படாதீங்க. இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?"

"நான்தாம்மா பேசறேன், மேனேஜர்!"

"நீங்க மேனேஜர்ங்கறது எனக்குப் புரியுது சார். அது உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கதவு திறக்கலம்மா! ஆளை அனுப்பு!"

"கதவு திறக்கலைங்கற வருத்தம் உங்க குரல்லயே தெரியுது சார். வேற ஏதாவது மனசுல இருந்தா அதையும் சொல்லிடுங்க. நான் குறுக்கிட மாட்டேன்."

மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில்தான் என்று மேலாளர் முதலில் நினைத்தார்.

மனக்குறை முழுவதும் முறைப்படி இறக்கிவைக்கப்பட்ட பிறகு விஷயம் கூடத்துக்குப் போனது. கதவிடுக்கு வழியாக, மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வட்டம் போடுகிறார்கள்.

"சாருக்கு உள்ள எப்படி இருக்கும்னு முதல்ல நாம எல்லாரும் கண்ணை மூடி நினைச்சுப் பார்க்கலாம்" என்றார் கணக்காளர்.

"இருட்டா இருக்கும்" என்றது ஒரு குரல்.

"உள்ள விளக்கு எரியுதேங்க."

"குறுக்கிடாதீங்க. அவர் கருத்தை அவர் சொல்லட்டும்."

"நான் போய் நெம்பி விட்டுடவா?" இது மெக்கானிக். எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள்.

"உங்க ஆர்வம் எங்களுக்கு நல்லாப் புரியுது ஸ்பேனர். ஆனா இன்னும் நிறைய பேர் பேச வேண்டியிருக்கு."

மேலாளர் காதைக் கதவிடுக்கில் வைத்தார். ஒவ்வொரு வாக்கியமும் அவர் சொல்லிக்கொடுத்தது. எந்த மடையன் கிளப்பிவிட்ட வழக்கம் இது என்று ஆத்திரம் பொங்கியது. அந்த மடையனின் புதுச் சட்டை லிஃப்டின் கண்ணாடியில் தெரிந்ததும் தம்மையறியாமல் சிரித்துவிட்டார்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றார் மனைவியிடம்.

"தெரியாதா எனக்கு? வீட்லயும் இதே கதைதானே. குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிலைமை புரியுதுன்னீங்க. அப்புறம் நான்தான் வாளி வெச்சேன்." அவள் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "ஏம்ப்பா! யாராவது வந்து கதவைத் திறங்கப்பா!"

அடுத்த நொடி மேலே தடதடவென்று காலடிச் சத்தம். கதவு அகன்றது. கையில் கம்பியோடு ஸ்பேனர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"கையைக் குடுங்கக்கா. இப்படி ஒருத்தர் தெளிவா சொல்ல மாட்டாங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்."

மனைவிக்குப் பின்னால் மேலாளரும் தொற்றி ஏறினார். புதுச் சட்டை முழுவதும் கிரீஸ்.

"இந்த லிஃப்டுக்கு என்னப்பா கேடு?"

"கதவு ரோலர் தேஞ்சுபோச்சு சார்."

"முன்னாடியே எங்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொன்னேனே சார்! புது ரோலர் வாங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கன்னு வந்து வந்து நின்னேன். நீங்க தலையைச் சாய்ச்சுக் கேட்டீங்க. நிலைமை புரியுதுன்னீங்க. தோள்ல தட்டிக் குடுத்தீங்க." ஸ்பேனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க மேனேஜர் மாதிரி காது குடுத்துக் கேக்கற மனுஷன் கிடையாதுன்னு வீட்லகூடப் பெருமையா சொன்னேன் சார். ஒண்ணும் நடக்கல. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

மேலாளருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தலைச்சாய்வு கச்சிதமாக அமைந்த நாள் அது. ஸ்பேனர் பேசியதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்று மேடை ஏறி இதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். பதவி போனால் போகட்டும்.

கூடத்தில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எவனும் அசைய மாட்டான். இங்க, தலைவரே மாட்டிக்கிட்டு அலறும்போதுகூட அவர் போட்ட பாதையை விட்டு ஒரு ஆளும் இம்மி நகரல! இதுதான்யா உண்மையான செல்வாக்கு!" ஊழியர்கள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க, இவரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

"தாராளமா கூட்டிக்கிட்டுப் போங்க சார்!"

வட்டம் போடாமலே கிளையில் ஒருமனதாக எடுக்கப்பட்ட முதல் தீர்மானம் அது.

மேலாளர் ஒலிவாங்கி முன்னால் நின்றார். ஸ்பேனர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். முதலாளி புன்னகையோடு நியமன உத்தரவை நீட்டினார். மேலாளர் உத்தரவைப் பார்த்தார். அவருடைய தலை தானாகவே சற்றுச் சாய்ந்தது. கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. மனைவி மட்டும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இன்று அந்த நிறுவனத்தின் பராமரிப்பில் உள்ள எந்த லிஃப்டில் நீங்கள் மாட்டிக்கொண்டாலும் கவலை வேண்டாம். உங்கள் நிலைமை மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்படும். கதவு மட்டும் திறக்காது. அதற்குக் காரணமான பெருந்தகையை நேரில் கண்டு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் தலைமை அலுவலகத்தின் படிக்கட்டில் காத்திருக்கலாம். அவர் அதில்தான் ஏறுகிறார்.