நாற்பத்தொன்பதில் சாகாதவர்

ஹீனகந்தை தோட்டம், கீழ் டிவிஷன்,
தெரணியகலை.

மரியாதைக்குரிய பெரியண்ணனுக்கு,

தங்கை யோகராணி வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நான், உங்கள் மச்சான், தனுஜா மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதாமல் இப்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல முடியாது. லைன் வீட்டில் போன் பேசினால் இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு கேட்கும். அந்த எட்டில் ஆறு வீட்டோடு இப்போது எங்களுக்குப் பேச்சு இல்லை.

போன மாதம் உங்கள் மச்சான் போன் எடுத்து, "தனுஜா கல்யாணத்த நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும் மச்சான்" என்று அழுதுவிட்டு வைத்துவிட்டார் என்றும், மாப்பிள்ளை யார் என்றும் கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை யாரும் இல்லை அண்ணே. பிள்ளை ஏ.எல். படிக்கிறாள். விஷயம் வேறு. இவருடைய அப்பா செத்தது நாற்பத்தொன்பது வயதில். அவருடைய அப்பா, அதாவது தாத்தா, செத்ததும் நாற்பத்தொன்பதில். எங்கள் இவருக்குப் போன மாதம் இருபத்தேழாம் தேதி ஐம்பது பிறக்க வேண்டியிருந்தது. "எங்க வம்சத்துல ஐம்பத யாரும் பாத்ததில்ல யோகா" என்று ஆறு மாதமாக ஒரே பேச்சு. நான் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு நாள் டவுன் ஸ்டூடியோவுக்குப் போய், சட்டைக்கு மேல் கடன் வாங்கிய கோட் ஒன்றைப் போட்டு, சாவு பேனருக்கு ஆகும் என்று பெரிய போட்டோ பிடித்து லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். மரண உதவிச் சங்கத்துச் செயலாளரிடம் போய், "என் பேரு ஒழுங்கா பதிஞ்சிருக்கா" என்று கேட்டுவிட்டும் வந்தார். அன்றைக்குத்தான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

போகிற மனுஷன் சும்மா போகாமல், மனதில் பாரம் இல்லாமல் போக வேண்டும் என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு ஷாமிளாவின் சேவலை ஏழு வருஷத்துக்கு முன்னால் கீரி பிடித்துக்கொண்டு போகவில்லை, தானும் கூட்டாளிகளும்தான் பிடித்துச் சமைத்தோம் என்று போய்ச் சொன்னார். கூட்டாளிகள் பெயரையும் சொன்னார். அதில் மூன்று வீடு போயிற்று. கங்காணியிடம், "நீங்க மேளம் அடிக்கத் தெரியாம அடிக்கிறீங்க, இருபது வருஷமா பயத்துல யாரும் சொல்லல" என்றார். என்னிடம், பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தேத்தண்ணி கொண்டு வந்த நம் சித்தி மகளைத்தான் பெண் என்று நினைத்து வீட்டில் சரி சொல்லிவிட்டதாகவும், தாலி கட்டுகிற நேரம்தான் ஆள் வேறு என்று தெரிந்ததாகவும் சொன்னார். "பொறகு பழகிப்போச்சு" என்று முடித்தார். அண்ணே, சாகப் போகிறவர் என்பதால் அகப்பையைக் கீழே வைத்தேன். உங்கள் சங்கதியும் ஒன்று உண்டு. நீங்கள் கோயில் கமிட்டித் தலைவருக்கு நின்று ஒரே வாக்கில் தோற்றீர்களே, அந்த வாக்கு இவருடையதாம். தெரிந்தவர்கள் மூலம் உங்கள் காதுக்கு வருவதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

கடைசியாக நினைவுக்கு வந்தவர் கீழே கிராமத்துப் பியதிஸ்ஸ. முன்னொரு காலத்தில் அவருடைய வேலியோரப் பலாமரத்தில் இவர் ஒரு கிளையை வெட்டி, இரண்டு பேரும் போலீஸ் வரைக்கும் போனவர்கள். அந்தப் பாவத்தைக் கழிக்க, அவருடைய வயலில் இரண்டு நாள் சும்மா வேலை செய்து கொடுக்கிறேன் என்று இறங்கிவிட்டார். பியதிஸ்ஸ நல்ல மனுஷன். சுகாதாரப் பரிசோதகர் கொடுத்துவிட்டுப் போன எலிக்காய்ச்சல் மாத்திரையை நீட்டி, "மல்லி, தம்பி, இத குடிச்சிட்டு எறங்கு, காலுல வேற காயம் இருக்கு" என்று தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறார். இவர், "எனக்கு இன்னும் மூணு வாரந்தான் அண்ணே, மாத்திரைய வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

பத்தாவது நாள் காய்ச்சல். கெண்டைக்கால் சதை பிய்ந்து போகிற வலி, கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் வரவில்லை. "இதுதான் அது" என்று கோட் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டார். தனுஜா அழுகிறாள். நான் கும்பிடாத சாமி இல்லை. மூன்றாம் நாள் மூத்திரம் கறுத்துக் குறைந்துவிட்டது. அப்போது எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "சரி, சாகுங்க. ஆனா வீட்டுல செத்தா போலீஸ் வரும், மரண விசாரண வைப்பாங்க, பொணத்த அறுப்பாங்க. ஆஸ்பத்திரியில செத்தா ஒரு துண்டுக் காயிதத்துல வேல முடிஞ்சிரும். உங்க இஷ்டம்" என்றேன். எழுந்து உட்கார்ந்து, "த்ரீவீலுக்குச் சொல்லு" என்றார்.

தெரணியகலையில் பார்த்துவிட்டு அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸபியா என்று ஒரு டாக்டர், மாவனல்லைப் பிள்ளை, நம் தனுஜாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஊசி ஏற்றிக்கொண்டே, "ஒங்கட அப்பா என்ன வருத்தத்துல, என்ன நோயில போன?" என்று கேட்டார்.

"நாப்பத்தொம்பதுலங்க."

"அது வருத்தமில்லயே. என்னத்தால?"

ஆறு மாதமாகச் சாவைப் பற்றியே பேசிய மனுஷன், அதை மட்டும் யோசித்ததே இல்லை. நான்தான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அப்பாவுக்கு ரப்பர் வெட்டுகிற கத்தி காலில் பட்டது. காயத்தில் சாணியை அப்பினார்கள். எட்டாம் நாள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து போய்விட்டார். தாத்தாவுக்கு நடுக்கக் காய்ச்சல். அந்த வருஷம் லைனுக்கு லைன் அந்தக் காய்ச்சல்தான்.

"அப்பாக்கு டெட்டனஸ், ஏற்பூசி இல்ல, தாத்தாக்கு மலேரியா மருந்து கெடக்கல்ல. வயசு என்ன செஞ்ச?" என்றார் டாக்டர். "தாத்தாக்கு எத்தன புள்ளையள்?"

"ஒம்பது" என்றார் இவர்.

"தங்கினது?"

"மூணு."

"மத்த ஆறும்?"

"தொட்டில்லயே போச்சுங்க. வயித்தோட்டம், அம்மை, கக்குவான்."

"அதான் கதை. அந்தக் காலத்து ஆக்கள் நோஞ்சானுமில்ல, அவங்கட விதியும் குறைவில்ல. லைனுக்கு மேல குடிக்கிற தண்ணியும் கக்கூஸும் ஒண்ணாக் கெடந்த. பொறக்கிறதுல பாதி நடக்க முந்தியே போன. தப்பி வளர்ந்தவன் கத்தி பட்டுப் போன. இப்ப ஒங்களுக்கு வந்திருக்கிற எலிக்காய்ச்சலும் அந்தக் காலமெண்டா ஆளக் கொண்டு போயிருக்கும். இப்ப பெனிசிலின் இருக்கு. நீங்க மூத்திரம் மட்டும் போங்க, மத்தத நாங்க பாக்கிறம்."

அந்த மூத்திரம் இரண்டு நாள் சரியாகப் போகவில்லை அண்ணே. சிறுநீரகம் நின்றால் மெஷினில் போட வேண்டும் என்றார்கள். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்து அந்த ஆறு பிள்ளைகளையும் பெற்றவளை நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் காத்திருக்க ஒரு பெஞ்சுகூட இருந்திருக்காது. மூன்றாம் நாள் காலை நர்ஸ் வந்து, போத்தலைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில், "அக்கே, இப்ப நல்லா போகுது" என்றார். ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போனதற்கு அப்படி அழுத பொம்பளை அந்த ஆஸ்பத்திரியில் நானாகத்தான் இருப்பேன். அடுத்த கட்டில்காரனின் பெண்சாதியும் சேர்ந்து அழுதாள், என்ன ஏது என்று தெரியாமலே.

இருபத்தேழாம் தேதி விடிந்ததும் கண் விழித்து, "இன்னைக்கு என்ன தேதி?" என்றார். சொன்னேன். தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். "அப்ப ஷாமிளாகிட்ட சேவல் விஷயத்த சொல்லியிருக்க வேணாம்" என்றார். பியதிஸ்ஸ சீனி வாழைப்பழச் சீப்பு ஒன்றும் பலாச்சுளையும் கொண்டு வந்து பார்த்தார். ஷாமிளா வரவில்லை, ஆனால் ரசம் கொடுத்தனுப்பினாள்.

இப்போது வீடு வந்து எட்டு நாள். மனுஷன் புது ஆளாகிவிட்டார். கிளினிக் கொப்பியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்கிறார், காலில் செருப்பில்லாமல் வாசல் இறங்குவதில்லை, சாராயப் பக்கம் போகவில்லை. "வம்சத்துலயே ஐம்பதத் தாண்டின மொத ஆம்பள நான்தான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாக்கு விஷயத்தை மனதில் வைக்காமல் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அம்மன் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், அதற்கு வேண்டிய ஊசி மருந்தும் தவறாமல் கிடைக்கச் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கை யோகராணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் ரம்புக்கனையிலிருந்து மருதாயி அத்தை, இவருடைய அப்பாவின் தங்கை, நோயாளியைப் பார்க்க வந்திறங்கினார். எண்பத்திரண்டு வயது, பஸ்ஸில் தனியாக. குசினியில் வைத்து நாற்பத்தொன்பது கதையைச் சொன்னேன். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எவன் சொன்னான்? எங்கப்பா செத்தப்ப கிளாக்கரு வயச கேட்டாரு. எங்கம்மாவுக்கு என்ன தெரியும்? அந்த வாரம் செத்த எல்லாருக்குமே நாப்பத்தொம்பதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அண்ணனும் அப்படித்தான். அப்பா செத்ததும் தோட்டத்து வேலைக்குப் பேரு பதியணும்னு, பத்து வயசுப் பயல பதினாலுன்னு குடுத்தாங்க. அது போகும்போது நாப்பத்தஞ்சு" என்கிறார்.

ஆக, இந்த வீட்டில் நாற்பத்தொன்பதில் யாருமே சாகவில்லை அண்ணே. அப்பாவின் வயதை இவர் தாண்டி ஐந்து வருஷம் ஆகிறது. அந்த வருஷம் இவர் தீபாவளிக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்.

நான் இதை இவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் செருப்பு முதலில் கழன்றுவிடும். அத்தை மூன்று நாள் தங்குகிறாராம். இரண்டு பேரையும் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னறையில் இவர், "அத்த, எங்கப்பா எந்த வருஷம் பொறந்தாரு?" என்று கேட்கிற சத்தம் கேட்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.