யோகோஹாமாவும் மூன்று பேர் சட்டமும்

ரங்கூனில் வாரம் ஒரு புதுச் சட்டம் போட்ட மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அரசாங்கத்தைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தாமுவே பேட்டையில் யாருக்கும் தெரியாது. கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். கப்பல் பழுதாகி யோகோஹாமா துறைமுகத்தில் கொஞ்ச காலம் நின்றபோது அங்கே பேஸ்பால் பார்த்திருக்கிறார். போதாதா? அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் முதல் சொல் "யோகோஹாமாவிலே..." என்றுதான் வரும். அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பர்மாக்காரர்கள் "ஊ யோகோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு அவர் யோகோஹாமா.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கப்பலும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையும், தெருவுக்குப் பின்னாலிருந்த மைதானமும், எங்களைப் போன்ற தொந்தி போட்ட கிளார்க்குகளும்தான் இருந்தோம். நாற்காலிக் கால் மட்டையானது. அரிசிச் சாக்கு கையுறையானது. முதல் நாள் ஒருவன் பந்தை அடிக்காமல் தவறவிட, அவர் "ஸ்ட்ரைக்!" என்று கத்தியதும் தெருவில் ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு ரங்கூனில் வேறு அர்த்தம்: அரசாங்கத்தை எதிர்த்துப் போராட்டம். மறுவாரமே சட்டம் மாறியது. அதன்பின் ஸ்ட்ரைக்குக்குப் பதிலாக "போச்சு!" என்றுதான் கத்த வேண்டும்.

ஆட்டத்தில் ஒருவர் பந்து எறிவார், எதிர்க்கட்சிக்காரர் அடித்துவிட்டு ஓடுவார். எறிகிறவர் களைத்தால் இன்னொருவர் வந்து எறியலாம். அப்படி வருகிறவர் ரிலீவர். அந்த ரிலீவர்களில் அடியேன் ஒரு நிபுணன் என்று எனக்கு நினைப்பு. எதிர்க்கட்சியில் சீமோன் என்று ஒரு முரட்டு ஆள். என் பந்து அவ்வளவு மெதுவாகப் போகுமாதலால், அது போய்ச் சேருவதற்குள் அவன் மட்டையைச் சுற்றி முடித்துவிடுவான். அவன் ஒருவனுக்கு மட்டும் எறிவேன். அவன் அவுட்டானதும் வெற்றிவீரனாக வெளியேறுவேன். மற்றவர்களுக்கு எறியும்படி என்னை யாரும் கேட்டதில்லை. நானும் தப்பித்தவறிக்கூட அதைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை.

சிக்கல் 'ரிலீவர்' என்ற சொல்லில் இருந்தது. எங்களில் பாதிப் பேர் ரயில்வே வம்சம். மீதிப் பேர் துறைமுகம். ரிலீவர் வந்துவிட்டால் பழைய ஆள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான் என்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறிப்போன விஷயம். பந்து எறிந்துகொண்டிருந்த ரத்தினம், நான் வந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுவான். எனக்கு இன்னொருவன் வந்ததும் நான் மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா சாப்பிடப் போய்விடுவேன். ரிலீவரோ வெளியிலிருந்து வருகிறவனில்லை, நிற்கிறவர்களிலேயே ஒருவன். ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் பக்கம் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். அதோடு ஒவ்வொரு ரிலீவரும் வந்து கைலியை மடித்துக் கட்டி, சாமி கும்பிட்டு, தோளைச் சுழற்றி முடிப்பதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அந்த மைதானத்தின் மேல் சின்லோன் பையன்களுக்கும் கண். பிரம்புப் பந்தை அவர்கள் காலால் தட்டும் அழகைப் பார்க்கக் கூட்டம் தானாகக் கூடும். ஒருநாள் வார்டுத் தலைவர் வந்து பர்மிய மொழியில் பதமாகச் சொன்னார்.

"ஊ யோகோ, வர ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். உங்க ஆட்டத்தை சனங்க பாத்தா மைதானம் உங்களுக்கு. பாக்கலேன்னா பையன்களுக்கு."

யோகோஹாமாவின் முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலமே எங்களைத் தேநீர்க் கடைக்கு வரவழைத்தார்.

"இனிமே ரிலீவ் ஆனவன் வீட்டுக்குப் போகக்கூடாது. ரிலீவரா வர்றவன் மூணு பேருக்காவது போட்டே ஆகணும். ஒருத்தனுக்குப் போட்டுட்டு ஓடற சோலியே கிடையாது."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "அண்ணே, எனக்கு சீமோன் மட்டுந்தானே சரிப்படும்? யோகோஹாமாவிலே இப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"இல்லே. அங்கே உன்னை மாதிரி ஆள் இல்லே. அதனாலே தேவைப்படலே."

ஞாயிறு வந்தது. தலைவரும் வந்தார். நாங்கள் முன்னணியில் இருந்தபோது சீமோன் மட்டையோடு வந்தான், என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல சீமோன் காற்றை அடித்துவிட்டுப் போனான். நானும் வழக்கம்போல மோஹிங்கா கடைப் பக்கம் நடந்தேன். யோகோஹாமா இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"எங்கே போறே? இன்னும் ரெண்டு பேர் இருக்கான்."

"அண்ணே, வேணாண்ணே!"

"யாபாதே, ஒண்ணும் ஆகாது, சும்மா போடு."

அடுத்தவன் அடித்த பந்து தேநீர்க் கடைக் கூரையில் விழுந்தது. கடையிலிருந்தவர்கள் கோப்பையும் கையுமாக ஓடிவந்தார்கள். அதற்கடுத்தவன் அடித்தது என் தொந்தியிலேயே பட்டது. பந்து கைலி மடிப்புக்குள் புகுந்துகொள்ள, நான் அதைத் தேடி என்னையே சுற்றிச் சுற்றி வந்தேன். அதற்குள் இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். ஆட்டம் போச்சு. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சின்லோன் பையன்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். தலைவருக்குப் புரையேறி, தேநீர் மூக்கு வழியாக வந்தது.

"அடுத்த வாரமும் அந்தக் குண்டு ஆசாமி போடுவாரா?" என்று கேட்டார்.

"மூணு பேருக்குப் போட்டுத்தான் ஆகணும், சட்டம்" என்றார் யோகோஹாமா. மைதானம் எங்களுக்கே கிடைத்தது.

நான் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. ஆபீஸுக்குக்கூடச் சுற்றுவழியில் போனேன். அடுத்த ஞாயிறு விடிந்ததும் யோகோஹாமா என் வீட்டு வாசலில் மட்டையோடு நின்றார்.

"வாடா தம்பி. எனக்கு ஒரு மூணு போடு பாப்போம்."

"விடுங்கண்ணே, மானம் போனது போதும்."

"போடுடா."

சந்தில் நின்று எறிந்தேன். ஆமை வேகத்தில் மூன்று பந்துகள். என் பாட்டியே அடித்திருப்பாள். அந்த மனிதர் மூன்றையும் தவறவிட்டார். மட்டையைக் கீழே போட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு, "ஒண்ணும் கண்ணுக்கே தெரியலேடா, என்னா வேகம்!" என்றார்.

வேண்டுமென்றே விட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே மைதானத்துக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அவர் முப்பது பேருக்குப் போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.