மாமனார் வாயை ஒட்டிய டாஃபி

சமைக்கவே தெரியாத ஆண்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு ஓர் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு பண்டம் ஒழுங்காக வந்துவிட்ட ஆண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எனக்கு அப்படி வந்தது கேசரி.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஜெனிக்கு ஒருநாள் காய்ச்சல். அவளுக்குக் கஞ்சி வைத்தேன். வைத்த வேகத்தில் கொஞ்சம் கேசரியும் கிண்டினேன். (காய்ச்சல்காரிக்கு எதற்குக் கேசரி என்று கேட்காதீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள்.) கேசரி எப்படியோ நன்றாக வந்து தொலைத்தது. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது தம்பி" என்றார். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

நான் சேத்தியாத்தோப்புப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். ஜெனி சிதம்பரத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் கடலூரில் வேலை, அங்கேயே காதல். இரண்டு வீடும் ஒருவழியாகச் சம்மதித்தன. சிதம்பரம் சர்ச்சில் கல்யாணம், மறுநாள் எங்கள் ஊரில் விருந்து என்று முடிவானது. கல்யாணம் நன்றாகவே நடந்தது. விருந்துக்குத்தான் மாமனார் வரவில்லை. பிரஷர் ஜாஸ்தியாகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

"அது என்ன பிரஷரு, நம்ம ஊரு எல்லைய மிதிச்சாத்தான் ஏறுமா?" என்றார் அப்பா. அதோடு சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றது.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தாலாவது சமாதானம் ஆகலாம். நான் போனால் எழுந்து நின்று, பளீரென்ற பல்வரிசை தெரிய, "வாங்க தம்பி, பஸ்ல கூட்டமா?" என்பார். "கூட்டம்தாங்க மாமா" என்பேன். உடனே பேப்பரை விரித்துவிடுவார். எங்கள் உறவு அந்த பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

இந்த நிலைமையில் எங்கள் முதல் கிறிஸ்துமஸ் வந்தது. அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு பலகாரம் செய்வார்கள். அத்தை அச்சுமுறுக்கு. மச்சான் எட்வின் கேக். ஜெனி என்ன செய்யப் போகிறாள் என்று அத்தை போனில் கேட்டபோது, நான் குறுக்கே புகுந்து, "அத்த, இந்த வாட்டி நான் டாஃபி செஞ்சு எடுத்தாறேன்" என்றேன்.

அத்தை பதறினார்.

"கடையில வாங்கியாந்தாக்கூடப் போதும் தம்பி."

"இல்லத்த. சொந்தமா."

தைரியத்துக்குக் காரணம் ஒரு வீடியோ. 'ரொம்ப ஈஸி! சர்க்கரை, வெண்ணெய், முந்திரி இருந்தால் போதும்' என்று ஒரு பெண்மணி வியர்வையே இல்லாமல் சிரித்தபடி கிளறினார். முந்திரிக்குப் பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. பிறகென்ன? பாகின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் வேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் சின்னத் தடங்கல். எங்கள் வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். நான் அதைத் தேடுவதைப் பார்த்த ஜெனி, எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

முதல் ஈடு கருகியது. சர்க்கரை பொன்னிறமாகும் வரை காத்திருக்க வேண்டுமாம். நான் காத்திருந்தேன். பொன்னிறம் எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியவில்லை, புகைதான் வந்தது. இரண்டாவது ஈட்டில் வெண்ணெய் தனியாகவும் சர்க்கரை தனியாகவும் பிரிந்து, ஒரே அடுப்பில் தனிக்குடித்தனம் நடத்தின. மூன்றாவது ஈடு வந்தது பாருங்கள், தேன் நிறம்! வாசனை தெருவுக்கே போனது. முந்திரியை அள்ளிப் போட்டு, அத்தை சீராகக் கொடுத்த பெரிய எவர்சில்வர் தட்டில் ஊற்றினேன்.

வீடியோவில் தட்டின் மேல் பட்டர் பேப்பர் விரித்திருந்தார்கள். உள்ளேயே இவ்வளவு வெண்ணெய் இருக்கும்போது கீழே வேறு எதற்குப் பேப்பர் என்று நான் விட்டுவிட்டேன்.

சூடு ஆறும் முன்பே போட்டோ எடுத்து, ஜெனி வீட்டு வாட்ஸப் குழுவில் 'டாஃபி ரெடி' என்று போட்டேன். மாமா கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அவர் என்னிடம் பஸ்ஸைத் தவிர்த்துப் பேசிய முதல் விஷயம் அது. இனி பின்வாங்க முடியாது.

ஆறிய பிறகு தட்டைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. தட்டினேன். கத்தியால் நெம்பியதில் கத்தி வளைந்தது. கடைசியில் ஆணி அடிக்கிற சுத்தியலை எடுத்தேன்.

"இன்னா தம்பி, செவுத்த இடிக்கிறியா?" என்று கீழேயிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா குரல் கொடுத்தார்.

"மிட்டாய் செய்றங்க!"

"இன்னாது?"

மறுபடி சுத்தியலை ஓங்கினேன். அரைமணி உழைப்பில் டாஃபி துண்டு துண்டாகக் கழன்றது. தட்டில் அத்தையின் பெயர் வெட்டியிருந்ததால், சில துண்டுகளில் 'ரோஸ்மேரி' என்ற எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. தட்டு இனி எதற்கும் உதவாது. ஒவ்வொரு துண்டையும் கலர் ஜிகினாத் தாளில் சுற்றி, டப்பாவில் அடுக்கினேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. அந்த நிலையில் சாப்பிட்டிருந்தால் பல் உடைந்திருக்கும், அவ்வளவுதான். அதோடு கதை முடிந்திருக்கும்.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மழை. பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தது. டப்பா நனையக் கூடாதே என்று, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஜின் மூடியின் மேல் பத்திரமாக வைத்தேன். மழைக்கு இதமாகக் கதகதவென்று இருந்தது அந்த இடம். சிதம்பரம் வரை டாஃபிக்கும் அது இதமாகவே இருந்திருக்கிறது.

வீட்டில் மாமா வெள்ளைச் சட்டை வேட்டியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அன்று மாலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். வருஷா வருஷம் அவர்தான். அந்தக் கணீர்க் குரலைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு என்று ஜெனி சொல்லியிருக்கிறாள்.

"வாங்க தம்பி. பஸ்ல கூட்டமா?"

"கூட்டம்தாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, பேப்பர் விரியும் முன் டப்பாவை நீட்டினேன்.

தாள் லேசில் பிரியவில்லை. பிரிந்தவரை பிரித்து, மாமா ஒரு துண்டை வாயில் போட்டார். ஒருமுறை மென்றார். இரண்டாம் முறை மெல்லப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் அகலமாயின.

"எப்படி இருக்கு மாமா?"

"ம்ம்."

"பிடிச்சிருக்கா?"

"ம்ம்ம்ம்" என்று வேகமாகத் தலையை ஆட்டினார். நம் ஊரில் தலையாட்டலுக்கு ஆமாம், இல்லை, சும்மா இரு என்று எல்லா அர்த்தமும் உண்டு. எனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டேன். அவர் என் கையை வேறு இறுக்கிப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தை அச்சுமுறுக்குத் தட்டோடு வந்தவர், அந்தக் காட்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். எட்வின் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குப் பட்டது.

"மாமா, பொங்கலுக்கு நீங்களும் அத்தையும் எங்க ஊருக்கு வரணும். அப்பா வெளிய காட்டிக்க மாட்டாரு. நீங்க வந்தா சந்தோஷப்படுவாரு."

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்று தலையை ஆட்டியபடி வீட்டின் பின்பக்கமாகக் கையைக் காட்டினார்.

"ஆமா மாமா, தங்கித்தான் போகணும். பின்னால தனி ரூமே இருக்கு."

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தேன். (என் ஆயுளில் இவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் செய்ததில்லை.)

"அப்பா, மாமா பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வர்றாராம்!"

அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "வரட்டும், வரட்டும். மாட்டுப்பொங்கலுக்கு நாட்டுக்கோழி அடிக்கவா, வெள்ளாடு எடுக்கவான்னு கேளு."

போனை மாமா வாயருகே கொண்டுபோனேன்.

"ம்ம்ம்ம்ம்!"

"ரெண்டுமாம்ப்பா."

"அதுக்கென்ன, ரெண்டும் பண்ணிட்டாப் போவுது" என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சியை நான் கேட்டதே இல்லை.

போனை வைத்ததும் மாமா என் கையை உதறிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். தலைமையாசிரியர் ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம். ஜெனி பின்னாலேயே போனாள். சிறிது நேரத்தில் அங்கிருந்து அவள் கத்தினாள். அல்லது சிரித்தாள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"ஐயோ, செட்டு!" என்றார் அத்தை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பொறாமைப்பட்ட மாமாவின் அந்த வெண்ணிறப் பல்வரிசை, மேலும் கீழும் முழுக்கப் பல்செட்டு. இரண்டும் என் டாஃபியின் உதவியால் ஒரே பல்லாகிவிட்டிருந்தன. ஜெனி அதைக் கையில் ஏந்தி வந்தாள். கடித்த நிலையில், நடுவில் ஒரு முந்திரியோடும் கொஞ்சம் பச்சை ஜிகினாவோடும் அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

அத்தை அதை டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றப் போனார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதம்மா, செட்டு வளைஞ்சிரும்!" என்று எட்வின் தடுத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல எல்லோரும் அந்த டம்ளரைச் சுற்றி நின்றோம். மாமா கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கைக்குட்டையை எடுத்து என்னைக் கேட்டார்.

"தம்பி, நீங்க ஆபீத்துலதான வேல பாக்குறீங்க? திமெண்டு கம்பெனியில இல்லையே?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக எட்வின் தெருவுக்கே போய்விட்டான்.

டாஃபி கரைவதற்குள் சர்ச்சில் முதல் மணி அடித்துவிட்டது. எட்வின் திரும்பி வந்து, பொறுமையிழந்து ஸ்பூனால் நெம்பினான். டக்கென்று பிரிந்தது. கூடவே கீழ் செட்டு இரண்டாகப் பிளந்தது.

எனக்கு அப்போதே பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது. அவர் குரலுக்காகக் காத்திருக்கும் சர்ச்சில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? அப்பாவிடம் வேறு கோழியும் ஆடும் பேசியாயிற்று.

அன்று வேதபாடத்தை ஜெனி வாசித்தாள். பச்சைப் பட்டுப் புடவையில் மேலே ஏறி நின்று, கொஞ்சமும் தடுமாறாமல் வாசித்தாள். அதே கணீர்க் குரல். அவளிடம் அது இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். (வீட்டில் என்னிடம் கத்தும்போது கவனித்திருக்க வேண்டும்.) மாமா ஆண்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டைக்குப் பின்னால் அவள் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தார். அவள் முடித்து இறங்கியதும் கண்ணைத் துடைத்தார். இந்தமுறை டாஃபி காரணமில்லை.

பிறகு என் பக்கம் சாய்ந்தார். "ருதி நல்லாத்தான் இருந்துச்சு."

"மன்னிச்சிடுங்க மாமா. பொங்கல் விஷயத்த நான் அப்பாகிட்ட எப்படியாச்சும் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு?"

"நீங்க வர்றேன்னு சொல்லலன்னு..."

"தலையாட்டினேன்ல?"

"அது வாய் ஒட்டிக்கிட்டதால..."

"தலை ஒட்டலையே மாப்ள" என்றார். அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பல் இல்லாமல் சொன்னாலும் தெளிவாகவே கேட்டது.

சொன்னபடி பொங்கலுக்கு மாமா வந்தார். புது கீழ் செட்டு இன்னும் தயாராகவில்லை. வாசலில் அப்பாவும் அவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். "பஸ்ல கூட்டமா?" என்றார் அப்பா. எனக்குப் பகீரென்றது. ஆனால் மாமா சிரித்துவிட்டார். தின்பண்டம் கொண்டுவந்த மாப்பிள்ளை, ஒட்டிக்கொண்ட வாய், டம்ளர், ஸ்பூன் என்று நடந்ததையெல்லாம் அவரே நின்ற இடத்தில் சொல்ல ஆரம்பித்தார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இலையில் உட்கார்ந்ததும், "சம்பந்திக்கு எலும்பில்லாத துண்டா பாத்துப் போடு" என்று அம்மாவை விரட்டினார். விருந்துக்கு வராத கோபத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்கிற கட்டமெல்லாம் தாண்டிப் போயிருந்தது.

இப்போது இரண்டு வீட்டிலும் ஒரு வழக்கு உண்டு. யாராவது எதற்காவது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று முரண்டு பிடித்தால், "அவருக்கு ஒரு டாஃபி குடுங்கப்பா" என்பார்கள். போன வருஷம் அப்பா கண் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோதுகூட, அம்மா எனக்குப் போன் போட்டு, "கடலூர்லேருந்து வர்றப்ப அந்தப் பசைய ஒரு துண்டு எடுத்தாடா" என்றார். அப்பா பயந்துபோய்ச் சம்மதித்துவிட்டார்.

நான் இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டாஃபி செய்கிறேன். பட்டர் பேப்பர் போட்டுத்தான். நன்றாகவே வருகிறது. மாமாவும் ஆசையாகக் கை நீட்டுவார். ஆனால் எடுத்ததும் சாப்பிடமாட்டார். முதலில் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போடுவார். பிறகு துண்டை விரலில் பிடித்தபடி என்னைப் பார்ப்பார்.

"என்ன கேக்கணுமோ இப்பவே கேட்டுடுங்க மாப்ள. அப்புறம்தான் வாயில போடுவேன்."